எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்: கணினியோடு புளூடூத்தில் சேர்த்து வைக்கும் கதை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். கையில் பிடிக்க இதைவிட வசதியான கேம் கன்ட்ரோலரை நான் இதுவரை தொட்டதில்லை. ஆனால் "புளூடூத் விட்டு விட்டு வருகிறது, காசு தண்டம்" என்று ஆன்லைன் கடைகளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களில் பலர் திட்ட வேண்டியது கன்ட்ரோலரை அல்ல, மேசைக்கு அடியில் கிடக்கும் கணினியை. இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பொருளைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் அடுத்த இரண்டு பத்திகளோடு கிளம்பலாம்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க ஜிஎஸ்டி, இரவு ஒன்பதரைக்கு மேல் கார் பந்தயம். ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் டெஸ்க்டாப் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குப் படம் போகும், பிராட்பேண்ட் லேன் கேபிளில் வரும். நான் உட்காரும் சோபா பத்தடி தள்ளி. கீபோர்டில் கார் ஓட்டுவது கொடுமை. திருப்பினால் முழுசாகத் திரும்பும், விட்டால் நேராக நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது. அதனால்தான் இது. ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன்.

நான் வாங்கியது 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கேம் கன்சோல்களோடு வந்த மாடல். பேட்டரி அறைக்குள் 1914 என்று எண் இருக்கும். நடுவில் ஷேர் பட்டன், மேலே யுஎஸ்பி சி போர்ட். ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கரிலும் பின்பக்கப் பிடியிலும் பொடிப் பொடிப் புள்ளிகளாகச் சொரசொரப்பு வைத்திருக்கிறார்கள், மே மாத வேர்வையிலும் கை வழுக்கவில்லை. திசைப் பட்டன் மட்டும் அழுத்தும்போதெல்லாம் டிக் டிக் என்கிறது. பகலில் காதில் விழாது, ராத்திரியில் படுக்கையறை வரை கேட்கும். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், இங்கே எழுத முடியாது. ரெண்டு ஏஏ பேட்டரிதான் இதற்குச் சாப்பாடு. 40 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி இல்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது: பேட்டரி செத்தால் கன்ட்ரோலர் சாகாது. சார்ஜ் செய்யும் ஏஏ செல் நாலு வாங்கி, இரண்டை உள்ளேயும் இரண்டைச் சார்ஜரிலும் வைத்துக்கொண்டால் போதும். பெட்டிக்குள் யுஎஸ்பி கேபிள் கிடையாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். கேபிள் எதற்கு என்று பின்னால் வருகிறேன்.

இனி சேர்த்து வைக்கும் வேலை. லோகோ பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். மேல் விளிம்பில் யுஎஸ்பி போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி உருண்டைப் பட்டன் இருக்கிறது, அதுதான் பேர் பட்டன், அதாவது இணை சேர்க்கும் பட்டன். அதை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் லோகோ வேகமாக மினுக்கத் தொடங்கும். கணினியில் செட்டிங்ஸ், புளூடூத் பகுதி, ஆட் டிவைஸ். பட்டியலில் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர் என்று பெயர் வரும், அதைத் தட்டினால் சரி. இங்கே லோகோ விளக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமாக மினுக்கினால் "புது ஆள் யாராவது இருக்கிறீர்களா" என்கிறது. மெதுவாக மினுக்கினால் ஏற்கெனவே தெரிந்த கணினியைத் தேடுகிறது. நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. மெதுவாக மினுக்கிக்கொண்டிருக்கும்போது கணினியில் ஆட் டிவைஸ் போட்டு மணிக்கணக்காகத் தேடினாலும் ஒன்றும் வராது. அந்த விளக்கைக் கவனிக்காமல்தான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள்.

எங்கள் வீட்டில் முதல் நாளே சேர்ந்துவிட்டது. சிக்கல் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான். இடது பக்கம் வளைவு வருகிறது, ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளுகிறேன், கார் திரும்புகிறது. வளைவு முடிந்ததும் விரலை எடுக்கிறேன். ஸ்டிக் நடுவுக்கு வந்துவிட்டது, என் கண்ணால் பார்க்கிறேன். கார் மட்டும் இன்னும் இடது பக்கமே போய்க்கொண்டிருக்கிறது, புல்தரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி. ஒரு நொடி கழித்துத்தான் நிமிர்கிறது. கன்ட்ரோலரிலிருந்து புதுச் செய்தி வராதபோது கணினி கடைசியாக வந்த செய்தியையே பிடித்துக்கொள்கிறது. கடைசிச் செய்தி "இடது" என்றால் இடதுதான். இதை ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றக் கொடுப்பவர்கள் உண்டு. ஸ்டிக் கெட்டுப்போனால் கார் தானாக எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். புளூடூத் விட்டுப்போனால் சில சமயம் மட்டும், கடைசியாகச் செய்ததே நீளும். வித்தியாசத்தைப் பார்க்க ஒரு எளிய வழி: விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்னச் சோதனைத் திரை வரும். அதில் ஸ்டிக்கை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். கூட்டல் குறி வழுக்கிக்கொண்டு ஓடினால் நல்லது. நின்று நின்று தாவினால் அது காற்றில் நடக்கும் கோளாறு.

இன்னொரு வேடிக்கை. எங்கள் அத்தை டிவிக்கு முன்னால் வந்து நின்றாலோ, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தாலோ கார் உடனே வேலிக்குப் போய்விடும். "நான் வந்தாலே உனக்கு ஆகாதே" என்று அவர் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். ஆனால் ஒழுங்கான இணைப்பு என்றால் பத்தடித் தூரத்துக்கு நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்ததற்கெல்லாம் அறுந்துபோகக் கூடாது. அப்படி அறுகிறது என்றால் சிக்னல் ஏற்கெனவே நூலில் தொங்குகிறது என்று பொருள்.

கணினி கட்டிக் கொடுத்த கடையில் கேட்டேன். "புளூடூத் டாங்கிள் ஒண்ணு போட்டுருங்க அக்கா, செட் ஆயிரும்" என்று, யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் கணினிக்குப் புளூடூத் தரும் ஒரு பொடி டாங்கிளைக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவு, விலை முந்நூறுக்கும் குறைவு. அட்டையில் கொட்டை எழுத்தில் புளூடூத் 5.0. செருகியதும் நிலைமை இன்னும் மோசமானது: சேரும், விலகும், மறுபடி சேரும், மறுபடி விலகும். கணினி ஒவ்வொரு முறையும் டிங் டிங் என்று மணியடிக்கும். இந்த மாதிரி அட்டைகளை நம்பக் கூடாது, சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, புளூடூத் என்ற தலைப்பின் கீழ் அடாப்டரின் (கணினிக்குப் புளூடூத் தரும் பாகம்) பெயரை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி, அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போங்கள். எல்எம்பி என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் புளூடூத் 4.0. 8 என்றால் 4.2. 9 என்றால்தான் 5.0. என் டாங்கிள் 6 காட்டியது. அட்டை ஒன்று சொல்கிறது, உள்ளே இருக்கும் சிப் வேறொன்று சொல்கிறது. இதில் கன்ட்ரோலர் என்ன செய்யும்? 1914 மாடல் பேசுவது புளூடூத் லோ எனர்ஜி என்ற குறைமின் வகையில். பழைய அல்லது போலிச் சிப் போட்ட டாங்கிள்கள் இந்த வகையில்தான் அடிக்கடி தடுமாறும். மவுஸ், ஸ்பீக்கர் எல்லாம் அதில் ஓடும், இது ஓடாது. உடனே பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

டாங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச் அடித்து கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் இரண்டு குட்டித் திருகு முனைகள், மொட்டையாக. மதர்போர்டிலேயே வைஃபை இருக்கும் கணினிகளில் அதே கார்டில்தான் புளூடூத்தும் இருக்கும், ஆன்டெனாவும் இரண்டுக்கும் பொது. அந்த ஆன்டெனா எங்கே? பரண் மேல், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கட்டிக் கொடுத்த தம்பிக்குப் போன் போட்டேன். "லேன் வயருதானுங்க போடுறீங்க, வைஃபை வேண்டாம்னுதான் மாட்டாம விட்டுட்டேங்க" என்றார். நியாயமான பதில்தான், வைஃபை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் புளூடூத்துக்கும் அதே கொம்புதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஆன்டெனா இல்லாமலும் புளூடூத் கொஞ்சம் வேலை செய்யும் என்பதுதான் இதில் ஏமாற்று. மவுஸ் மேசை மேலேயே இருப்பதால் ஓடிவிடும். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்த முனையிலிருந்து பத்தடித் தள்ளிச் சோபா வரை வரச் சொன்னால் மூச்சு வாங்குகிறது.

இரண்டையும் கையாலேயே திருகினேன். ஸ்பேனர் எடுக்காதீர்கள், முனை உடைந்துவிடும். ஆன்டெனாவைப் பெட்டிக்குப் பின்னாலேயே சுவரோடு ஒட்டி விடாமல், டிவி ஸ்டாண்டின் பக்கவாட்டில் தலை தெரியும்படி நிமிர்த்தி வைத்தேன். அன்றிலிருந்து கார் நான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அத்தை நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாலும் கேட்கிறது.

உங்கள் கணினியில் புளூடூத்தே இல்லை, டாங்கிள்தான் வழி என்றால் இரண்டு விஷயம். நல்ல டாங்கிளாகப் பாருங்கள், வாங்கியவுடன் மேலே சொன்ன எல்எம்பி எண்ணைப் பாருங்கள், 9-க்குக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். அடுத்தது அதை எங்கே செருகுகிறீர்கள் என்பது. கணினியின் பின்னால் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டில், அதுவும் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இது யாரோ கிளப்பிய வதந்தி இல்லை, இன்டெல் 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஹார்டு டிஸ்கில் படம் காப்பி ஆகும்போது மட்டும் கன்ட்ரோலர் திக்குகிறது என்றால் காரணம் இதுதான். மருந்து எளிது: ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளைக் கணினியை விட்டுத் தள்ளி, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். நூறு ரூபாய்ச் சமாச்சாரம், ஆயிரம் ரூபாய் டாங்கிள் செய்யாததைச் செய்யும். இன்னொன்று: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் அடாப்டரோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே ஒன்று, வெளியே டாங்கிள் ஒன்று என்று இரண்டும் இருந்தால், உள்ளே இருப்பதை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் சரி, ஆனாலும் சும்மா இருக்கும்போது துண்டித்துக்கொள்கிறது என்றால் கணினியின் சிக்கனப் புத்தியைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அதே அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். லேப்டாப்காரர்களுக்கு இது முக்கியம். அதே சமயம் பதினைந்து நிமிடம் தொடாமல் வைத்தால் கன்ட்ரோலர் தானாகவே அணைந்துவிடும். அது கோளாறு இல்லை, பேட்டரியைக் காப்பாற்றுகிறது. பால் பொங்குகிறது என்று எழுந்து போய், அப்படியே பாத்திரமும் கழுவிவிட்டு வந்து "மறுபடி கட் ஆயிடுச்சு" என்று சொல்லிப் பயனில்லை.

பையன் எட்டாவது படிக்கிறான். அவன் செய்த வேலை வேறு ரகம். நான் ஆபீஸில் இருக்கும்போது கன்ட்ரோலரைத் தன் டேப்லெட்டோடு சேர்த்துக்கொண்டான். இந்தக் கன்ட்ரோலர் புளூடூத்தில் ஒரே ஒரு சாதனத்தைத்தான் நினைவில் வைக்கும். டேப்லெட் வந்ததும் கணினி மறந்துபோயிற்று. கணினிக்கு அது தெரியாது, பட்டியலில் இன்னும் பேர்டு என்றே காட்டிக்கொண்டிருக்கும். பேர்டு என்றால் பழைய பழக்கம், கனெக்டட் என்று வந்தால்தான் இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது. இந்த நிலையில் எத்தனை முறை லோகோவை அழுத்தினாலும் நடக்காது. கணினியில் ரிமூவ் டிவைஸ் கொடுத்து, பழைய பதிவை அழித்துவிட்டு, முதலிலிருந்து சேர்க்க வேண்டும். "அம்மா, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்கிறான். ரெண்டு நிமிஷம்தான், தினமும். எக்ஸ்பாக்ஸ் கன்சோலும் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: கன்சோல் ஒன்று, புளூடூத் சாதனம் ஒன்று என இரண்டையும் அது நினைவில் வைக்கும், பேர் பட்டனை இருமுறை தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

கேபிள் வேண்டும் என்றேனே, அது கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க. எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரிஸ் என்று ஓர் ஆப் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. கன்ட்ரோலரைக் கேபிளில் செருகி அதைத் திறந்தால் புதுப்பிப்பு இருந்தால் காட்டும். புளூடூத் வழியாக இது நடக்காது, அதனால் வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது. கேபிள் விஷயத்தில் ஜாக்கிரதை. சில பவர் பேங்க், இயர்பட்ஸ் பெட்டிகளோடு வரும் கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும் ஆனவை, தகவல் கம்பி அவற்றில் இருக்காது. அதைச் செருகினால் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. போனிலிருந்து படம் காப்பி செய்கிற கேபிளாக எடுங்கள். கேபிளில் செருகிவிட்டால் பேட்டரிகூட வேண்டாம், அப்படியே விளையாடலாம். பத்தடிக் கேபிள் வாங்கினால் இந்தக் கட்டுரையில் சொன்ன முக்கால்வாசித் தலைவலியே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஹாலில் நடக்கிற வழியில் கேபிள் கிடந்தால் முதலில் விழுவது அத்தை. அதனால்தான் நான் புளூடூத் கட்சி.

இயர்போன் மாட்டும் துளை கன்ட்ரோலரின் அடியில் இருக்கிறது, ஆனால் கணினியோடு புளூடூத்தில் சேர்த்திருக்கும்போது அதில் சத்தம் வராது. கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். புளூடூத் ஹெட்செட்டையும் அதே கணினியில் சேர்த்தால் இரண்டும் ஒரே அடாப்டரின் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், அடாப்டர் சுமாரானதாக இருந்தால் முதலில் தடுமாறுவது கன்ட்ரோலர். நான் கணினியிலேயே செருகிய நீள வயர் ஹெட்போன்தான் வைத்திருக்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-இல் வந்த 1537, 2015-இல் வந்த 1697 ஆகிய மாடல்களில் புளூடூத்தே கிடையாது. 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோலோடு வந்த 1708-லிருந்துதான் இருக்கிறது. விற்பவர் "புளூடூத் உண்டு சார்" என்று சத்தியம் செய்வார், நீங்கள் முகத்தைப் பாருங்கள். கன்ட்ரோலரின் முகத்தை. லோகோ பட்டனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாகப் பளபளவென்று இருந்தால் புளூடூத் இல்லை. முன்பக்க உடம்போடு ஒரே துண்டாக, அதே நிறத்தில், லோகோ அதற்குள் உட்கார்ந்திருந்தால் உண்டு. சந்தேகமாக இருந்தால் பேட்டரி மூடியைக் கழற்றி எண்ணைப் பாருங்கள். அப்படியே ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், பேட்டரி கசிந்த கன்ட்ரோலர் கையை ஆட்டினாலே அணையும்.

மற்ற கம்பெனிக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கும் கணினிப் பக்கத்து வைத்தியம் எல்லாம் இதேதான், சேர்க்கும் பட்டன்தான் மாறும். பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4 என்றால் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள், டூயல்சென்ஸ் என்றால் கிரியேட்டும் பிஎஸ்ஸும். அவை சேர்ந்த பிறகும் சில விளையாட்டுகள் கண்டுகொள்ளாது, ஏனென்றால் விண்டோஸ் விளையாட்டுகள் பல எக்ஸ்பாக்ஸ் பாணியில் பேசும் கன்ட்ரோலரைத்தான் எதிர்பார்க்கின்றன. விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் ஸ்டீம் என்ற மென்பொருளில் அதற்கென்று இருக்கும் செட்டிங் நடுவில் நின்று மொழிபெயர்த்துவிடும். இந்த மொழிபெயர்ப்பு வேலையே இல்லாமல் செருகினால் ஓடுகிறது என்பதுதான் நான் எக்ஸ்பாக்ஸ் பக்கம் போனதற்குக் காரணம்.

இரண்டு பேருக்கு மேல் ஒரே கணினியில் விளையாடும் வீடு என்றால் புளூடூத்தை விட்டுவிட்டு, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டரைத் தேடுங்கள். அது புளூடூத் இல்லை, எக்ஸ்பாக்ஸுக்கே உரிய தனி வழி. எட்டுக் கன்ட்ரோலர் வரை தாங்கும், இயர்போன் துளையும் வேலை செய்யும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் வந்தால் அவர்கள் கொண்டுவரும் கன்ட்ரோலர் கேபிளில், எங்களுடையது புளூடூத்தில். தோற்கிறவர் யாராக இருந்தாலும் அடுத்த ஆட்டத்துக்குக் கேபிளைத்தான் கேட்கிறார், "அத்தை, இது லேக் ஆகுது" என்று என்னிடம். சோதனைத் திரையைத் திறந்து கூட்டல் குறி வழுக்கி ஓடுவதைக் காட்டினேன், ஒருவரும் நம்பவில்லை.